ஒரு நாள் இடைவெளி

ராயபுரத்து ஜெரிக்கு அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தில் ஷிப்ட் வேலை. எட்டு நாளைக்கு ஒருமுறை ஆஃப். அவன் மனைவி ஜெஸ்லின் திருவொற்றியூரில் நர்ஸ். அவளுக்கு ஆறு நாளைக்கு ஒருமுறை. கல்யாணமான புதிதில் இருபத்துநான்கு நாளைக்கொருமுறை இருவருக்கும் ஒரே நாளில் ஆஃப் வந்தது. எட்டுக்கும் ஆறுக்கும் மீச்சிறு பொது மடங்கு அதுதான் என்று அவளுக்குப் பாடமே எடுத்தான். ஏதோ அவனே கண்டுபிடித்த மாதிரி மனுஷனுக்கு அப்படியொரு பெருமை.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஜெஸ்லின் வார்டு மாறினாள். அவளுடைய ஆஃப் ஒரு நாள் தள்ளிப்போனது.

"ஒரு நாள்தானே, இன்னா இப்போ? இருபத்துநாலு நாளைக்குள்ள எப்டியும் சேந்துக்கும்" என்றான் ஜெரி.

சேரவில்லை. அடுத்த சுற்றிலும் சேரவில்லை. அவன் வேலை முடிந்து வரும்போது அவள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பாள். ஆஃப் நாளில் மீன்குழம்பைச் சூடு பண்ணித் தனியாகச் சாப்பிட்டான். ஆளில்லாத வீட்டில் டிவி மட்டும் கத்திக்கொண்டிருந்தது. அழாத குறைதான்.

அப்படியொரு ஆஃப் நாளில், அரசுத் தேர்வுக்கு வாங்கி வைத்த கணக்குப் புத்தகத்தைப் பிரித்தான். சரியா தவறா என்று ஒரு கேள்வி: ஒரு மணி எட்டு நிமிடத்துக்கொருமுறையும் இன்னொன்று ஆறு நிமிடத்துக்கொருமுறையும் அடித்தால், இரண்டும் என்றாவது சேர்ந்து அடித்தே தீரும். சரி என்று டிக் அடித்தான். பின்பக்க விடையில் ‘தவறு’ என்றிருந்தது. புத்தகக்காரனைத் திட்டிவிட்டு விளக்கத்தைப் படித்தான். ஒருமுறை சேர்ந்தவை இருபத்துநான்கில் மறுபடி சேரும், அது உண்மை. அதற்காக, சேர்ந்தே தீரும் என்று ஆகிவிடாது. எட்டுக்கும் ஆறுக்கும் மீப்பெரு பொது வகுத்தி இரண்டு. இரண்டும் முதன்முதலில் அடிப்பதற்கு நடுவே உள்ள இடைவெளி இரண்டால் வகுபட்டால் மட்டுமே சேரும்.

காலண்டரை எடுத்து, அன்றைய நாளை ஒன்று என்று வைத்து எண்ணினான். அவனுக்கு ஒன்று, ஒன்பது, பதினேழு. அவளுக்கு இரண்டு, எட்டு, பதினான்கு. அவனுடையதெல்லாம் ஒற்றை, அவளுடையதெல்லாம் இரட்டை. ஆயுசுக்கும் காத்திருந்தாலும் சேராது.

மறு நிமிடமே சந்தோஷம் வந்தது. ஒரே ஒரு நாள் நகர்த்தினால் போதுமே! சாயங்காலம் அவள் உள்ளே நுழைந்ததும் காலண்டரோடு ஓடினான்.

"ஜெஸ்லி, உங்க வார்டு சிஸ்டராண்ட சொல்லி ஆஃபை ஒரு நாள் முன்னாடி மாத்திக்கோ. எல்லாம் சரியாப் பூடும்."

ஜெஸ்லின் பையை மேசைமேல் வைத்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஈஸ்டருக்கு முன்னாடியே சிஸ்டர் மாத்தித் தர்றேன்னாங்க ஜெரி. நான்தான் வேணாம்னுட்டேன். அந்த ஒரு நாளாவது நான் தனியா இருக்கணும்."