அம்மாவின் பங்கு

எனக்கு எட்டு வயது நடந்தபோது என் அம்மாவைப் பார்த்து நான் பொறாமையில் வெந்தேன். பொறாமைப்படும்படி அவளிடம் நகையோ பட்டுச்சேலையோ கிடையாது. இருந்தது ஒரு வயிற்றுப்புண்தான். அதன் மேல்தான் எனக்குக் கண்.

அதுவரைக்கும் சாப்பாட்டு விஷயத்தில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. ராஜபாளையத்தில் அப்பா ஒரு பஞ்சு மில்லில் ஷிப்டு வேலை பார்த்தார். நான் ஒற்றைப் பிள்ளை. அப்பா எப்போது வீட்டுக்கு வருகிறாரோ அதுதான் அம்மாவின் சாப்பாட்டு நேரம். பகல் ஷிப்டு என்றால் மதியச் சாப்பாடு சாயங்காலம் ஆகும். மாலை ஷிப்டு என்றால் ராத்திரிச் சாப்பாடு மறுநாளைத் தொட்டுவிடும். அவர் சாப்பிட்டு எழுந்து கை கழுவிய பிறகே அவள் தன் தட்டை எடுப்பாள்.

அந்தத் தட்டையும் அவள் முழுசாகச் சாப்பிட்டதில்லை. என் பங்கை எப்போதோ முடித்துவிட்டு நான் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை முட்டையில் மஞ்சள் கரு எனக்கு வரும். பொரித்த மீனில் முள் இல்லாத பக்கம் எனக்கு வரும். வாய் திறந்து கேட்க வேண்டியதே இல்லை, அவள் கை தானாக என்னை நோக்கி நீளும். "எனக்குப் போதும்ட்டி, வயிறு நெறஞ்சிருச்சு" என்பாள். நானும் நம்பினேன். நம்பாமல் இருப்பதில் எனக்கு என்ன லாபம்? அம்மாவின் பங்கு என்பது என் பங்கின் இரண்டாம் பாகம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எப்போதாவது அடுப்படியில் அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று எதையாவது மெல்லுவாள். ஒரு வடகத் துண்டு, இல்லையென்றால் தேங்காய்ச் சில்லு. நான் உள்ளே நுழைந்ததும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "உப்புச் சரியா இருக்கான்னு பார்த்தேன்" என்பாள். தேங்காய்ச் சில்லில் எங்கிருந்து உப்பு வந்தது என்று நான் யோசித்ததில்லை. எனக்குத் தராமல் தின்றுவிட்டாளே என்ற எரிச்சல் மட்டும் இருந்தது. அது அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும், உடனே இன்னொரு சில்லைக் கீறி என் கையில் வைத்துவிடுவாள்.

ஒரு நாள் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தவள் அப்படியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் பார்த்துவிட்டு, குடலில் புண் என்றார். வயிற்றைக் காயப் போடவே கூடாது, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், இடையிடையே கொஞ்சம் கொஞ்சமாகவும் சாப்பிட வேண்டும், இப்படியே விட்டால் ஆபரேஷன்தான் என்று கண்டித்து அனுப்பினார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்தாள். வழக்கம்போல அப்பா வரும் வரைக்கும் பட்டினியாகக் காத்திருந்தாள்.

இந்தச் சேதி ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த சித்திக்கு எப்படியோ போய்விட்டது. அம்மாவின் தங்கை. மறுநாள் காலையிலேயே பஸ் ஏறி வந்து இறங்கினாள். வந்த வேகத்தில் கொடியில் கிடந்த அம்மாவின் சேலைகளை உருவி வயர் கூடைக்குள் திணித்தாள்.

"அத்தான், பத்து நாளைக்கு எங்கக்கா எங்கூட இருக்கட்டும். நீங்க கேன்டீன்ல பாத்துக்கிடுங்க. இங்க இருந்தா இவ ஒங்களுக்குச் சோறு போட்டே செத்துப் போவா."

அப்பா மறுபேச்சுப் பேசவில்லை. சித்தியிடம் யாருமே மறுபேச்சுப் பேசியதில்லை. பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் கூடையோடு சேர்த்து என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

சித்தி சாப்பிடுவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சட்டி பானை எல்லாவற்றையும் நடுவில் கொண்டு வந்து வைத்துவிட்டு, எல்லோருடனும் சேர்ந்து அவளும் உட்கார்ந்துவிடுவாள். தன் தட்டில் தானே போட்டுக்கொள்வாள். நல்ல துண்டாக இருந்தால் கூச்சமே இல்லாமல் எடுத்துக்கொள்வாள். "இன்னைக்குப் புளிக்கொழம்பு எம்புட்டு நல்லா இருக்கு, யாரு வச்சது, நான் வச்சதுல்லா" என்று சத்தமாகத் தன்னையே பாராட்டிக்கொள்வாள். அம்மாவுக்குத்தான் முகம் சுண்டிப் போகும்.

"ஏட்டி, பிள்ளையளுக்குப் போட்டு முடிச்சிட்டுப் பொறவு நீ சாப்புடக் கூடாதா? பாக்குறவுக என்ன நெனப்பாக?"

"நானும் பசிக்கிற சென்மந்தானக்கா. எனக்கு வயிறு பின்னாடியா இருக்கு, கடைசியாச் சாப்புட?"

அம்மா தங்கையின் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். அது கோபம் என்று சித்தி நினைத்தாள். எனக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும். நான் தினமும் பார்க்கிற பார்வைதான் அது. என் அம்மாவும் என்னைப் போலவே பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

சித்தப்பா ஒரு பால்கோவாக் கடையில் அடுப்படி வேலை பார்த்தார். நாள் முழுக்க விறகுப் புகையில் நின்று பால் கிண்டுகிறவர். அதனால் அவருக்கு அந்த வாசனையே ஆகாது. ஆனால் சாயங்காலம் வரும்போது வாணலியின் அடியில் லேசாகச் சிவந்து ஒட்டியிருந்ததை வழித்து, சூடு ஆறாமல் இலையில் கட்டிக் கொண்டுவருவார். சித்தி அதை நான்கு இலைத் துண்டுகளில் பங்கு வைப்பாள். அம்மாவுக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, அவள் மகளுக்கு ஒன்று.

முதல் நாள் என் பங்கு வாய்க்குள் போன மாயம் தெரியவில்லை. அம்மாவைப் பார்த்து வாயைத் திறந்தேன். அவள் கையும் வழக்கம்போல என்னை நோக்கி வந்தது. சித்தி அந்த மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி அவள் மடியிலேயே வைத்தாள்.

"அவ பங்கு அவளுக்குக் குடுத்தாச்சு. இது ஒன் வயித்துக்கு. பால் புண்ணுக்கு நல்லதுன்னு டாக்டரே சொல்லியிருக்காருல்லா."

டாக்டர் சொன்னது ஆறின பால். சித்தியின் கணக்கில் பால்கோவாவும் ஆறின பால்தான். திறந்த என் வாய் திறந்தபடியே இருந்தது. அம்மா ஒரு விள்ளல் வாயில் போட்டு, திருடியைப் போலச் சுற்றும் முற்றும் பார்த்து, "மீதிய பொறவு சாப்புடுதேன்" என்றாள். அந்தப் 'பொறவு' யாருக்கு என்று எனக்கும் அவளுக்கும் தெரியும். சித்திக்கும் தெரிந்திருந்தது. அம்மா இலையை வழிக்கிற வரைக்கும் அவள் நகரவில்லை.

அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லாமே அம்மாவுக்குத்தான். காலையில் எழுந்ததும் ஆவி பறக்க இட்லி. வெயில் ஏறியதும் மோர்ச்சாதம். மதியம் தேங்காய்ப்பால் ஊற்றி வேகவைத்த மணத்தக்காளிக் கீரை. எனக்குக் கீரை பிடிக்காது, ஆனால் அதை யாரும் எனக்குத் தராததால் அதன் மேலும் ஆசை வந்தது. முதலில் மருந்து விழுங்குவதுபோல விழுங்கிய அம்மா, போகப் போக நிதானமாக மென்றாள். ஒரு நாள் தட்டை நீட்டி, "ஏட்டி, இன்னுங் கொஞ்சம் தேங்காப்பால் ஊத்து" என்று கேட்டாள்.

என் அம்மா தனக்கென்று எதையும் கேட்டு நான் அதற்கு முன்பு பார்த்ததே இல்லை. சித்தி பூரித்துப் போய் ஊற்றினாள். எனக்கு அடிவயிறு எரிந்தது.

சித்தி மகள் மேலும் எனக்கு வயிற்றெரிச்சல்தான். என்னைவிட ஒரு வயது சின்னவள். தன் பால்கோவாவில் பாதியைத் தின்றுவிட்டு மீதியை நாளைக்கு என்று டப்பாவில் மூடி வைப்பாள். தன் அம்மாவின் இலையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். அவளுக்கு மட்டும் எப்படி அது முடிகிறது என்று எனக்கு விளங்கவே இல்லை.

கடைசியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. வயிறு வலித்ததால்தானே இவளுக்கு இத்தனை உபசாரம்? வலி என்ன, அம்மாவுக்கு மட்டுமா வரும்? அன்று மதியம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் சுருண்டு படுத்தேன். அழுகையும் நன்றாகவே வந்தது, பல நாளாகச் சேர்த்து வைத்ததாயிற்றே.

ஆனால் எனக்கு இட்லியும் வரவில்லை, தேங்காய்ப்பாலும் வரவில்லை. உப்பில்லாத கஞ்சி வந்தது. சாயங்காலம் பால்கோவா வந்தபோது, "வயித்து வலிக்கு இனிப்பு ஆகாது" என்று என் பங்கைச் சித்தி அலமாரியில் தூக்கி வைத்துவிட்டாள். நான் நொந்துபோய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்போதுதான் என் பின்னால் அம்மாவின் குரல் கேட்டது.

"பிள்ள சுருண்டு கெடக்கா. எனக்கு எப்படிட்டி தொண்டையில எறங்கும்?"

இலையைத் தள்ளி வைத்துவிட்டு வந்து என் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. மறுநாள் காலை இட்லியையும் தொடவில்லை. சித்தி கெஞ்சினாள், திட்டினாள், ஒன்றும் பலிக்கவில்லை. மதியத்துக்குள் அம்மாவுக்குப் பழைய வலி திரும்பி வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு என் பக்கத்திலேயே படுத்திருந்தாள், ஒரு கை என் வயிற்றைத் தடவியபடி இருந்தது. எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். என் அம்மா எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டாள்.

"இன்னைக்குள்ள ஒன் வயித்துல எதுவும் போகலைன்னா நாளைக்குப் பெரியாஸ்பத்திரிக்குத்தான் தூக்கிட்டுப் போவேன்" என்று சித்தி சொன்னபோது அவள் குரல் உடைந்தது. சித்தியின் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

சாயங்காலம் பால்கோவா வந்தது. சித்தி அம்மாவின் பங்கை அவள் அருகில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அம்மா மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். அதில் ஒரு விள்ளல் எடுத்து என் பக்கம் நீட்டினாள்.

"ஒரே ஒரு வாய் சாப்புடு தாயி. நீ சாப்புட்டாத்தான் அம்மாவுக்கு எறங்கும்."

ஒன்றரை நாள் கஞ்சியில் கிடந்தவள் நான். ஸ்பிரிங் வைத்ததுபோல எழுந்து உட்கார்ந்து வாயைத் திறந்தேன். நீட்டிய கை பாதி வழியில் நின்றது.

"ஏட்டி, வயிறு வலிக்கலையா?"

"வலிக்கி. ஆனா பால்கோவாவுக்கு வலிக்காது."

அடுப்படியிலிருந்து சித்தி சிரிக்கிற சத்தம் கேட்டது. அம்மா சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடிப்பாள் என்று நினைத்துக் கண்ணை இடுக்கினேன். அவள் அடிக்கவில்லை. நீட்டிய கையைத் திருப்பி அந்த விள்ளலைத் தன் வாயில் போட்டாள்.

பிறகு இன்னொன்று. அதன் பிறகும் இன்னொன்று. அவசரப்படாமல், ஒளிக்காமல், என் கண்ணுக்கு நேராக வைத்துச் சாப்பிட்டாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, வாய் நிற்கவில்லை. கடைசியில் இலையை மடித்து விரலால் வழித்து நக்கினாள்.

நான் ஊரைக் கூட்டினேன். சித்தி அலமாரியிலிருந்து என் பங்கை எடுத்து வந்தாள், நேற்றையதும் இன்றையதும் சேர்த்து. அம்மா தின்றதைப் போல இரண்டு மடங்கு. "இந்தா, ஒன்னோடது ஒனக்கு அப்படியே இருக்கு, என்னத்துக்கு அழுவுற?" என்றாள். அழுதுகொண்டே அத்தனையையும் தின்று முடித்தேன். ருசிக்கவில்லை. நான் கேட்டது அதை இல்லை.

பத்து நாள் முடிந்து ராஜபாளையத்துக்குத் திரும்பினோம். மறுநாள் மதியம் அப்பா மில்லில் இருந்தார். அம்மா சமைத்து இறக்கியதும் இரண்டு தட்டு எடுத்து வைத்தாள். எனக்குப் போட்டாள், தனக்கும் போட்டுக்கொண்டாள். என் எதிரே உட்கார்ந்து சோற்றைப் பிசையத் தொடங்கினாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்பா இன்னும் வரலையேம்மா" என்றேன், பெரிய மனுஷியைப் போல.

"அவிய வந்தவொடனே சூடாப் போடுதேன். நீ தட்டப் பாத்துச் சாப்புடு."

அவளுக்கு என் மேல் இருந்த பாசத்தைச் சித்தி மந்திரம் போட்டு எடுத்துவிட்டாள் என்று முடிவு செய்தேன். வீம்புக்கு என் சோற்றைத் தொடாமல், அந்தக் கை இந்தப் பக்கம் வருமா என்று கடைசிக் கவளம் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. பிள்ளைக்குத் தராமல் ஓர் அம்மா சாப்பிட்டால் அவளுடைய வயிறு நிறையும், அதைத் தவிர வேறு ஒன்றும் ஆகிவிடாது என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்திருக்கவில்லை.