தங்கையின் கையெழுத்து

தொண்ணூறுகளின் கடைசியில் தொம்மலூரின் பழைய ஊர்ப்பகுதியில் ஒரு வீடு விலைக்கு வந்தது. இரண்டு அறைகள், பின்னால் ஒரு குழாயடி. பார்த்ததுமே எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

"டாக்குமெண்ட்ஸ் எல்லாம் நம்ம லாயரே பாத்துக்குவார் மேடம். நீங்க வந்து சைன் போட்டா போதும்" என்றார் புரோக்கர். என் கணவருக்கும் அதில் சம்மதம்தான். வீட்டுக்கடன் தரவிருந்த வங்கியின் பெண் வக்கீல்தான் ஒப்பவில்லை.

"விக்கிறவங்க பக்கத்து லாயர் உங்களுக்காகவா பாப்பார்?" என்று கேட்டுவிட்டு, காகிதங்களைத் தானே வரவழைத்துப் பார்த்தார். வீட்டை விற்பவருக்கு ஒரு தங்கை இருப்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அப்பா உயில் எழுதாமல் போய்விட்டதால் தங்கைக்கும் பங்கு உண்டு. அவள் கையெழுத்து இல்லாமல் வாங்கினால் பின்னால் வழக்கு வரலாம் என்று சொல்லி, அவள் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்.

"அவளைக் கட்டிக்குடுத்து எவ்ளோ வருஷமாச்சு! அவ ஒண்ணும் கேக்க மாட்டா" என்றார் விற்பவர். அவளோடு இப்போது போக்குவரத்து இல்லையாம். விலாசம் மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை நானும் கணவரும் ஈஜிபுராவில் அவளைத் தேடிப் போனோம். ஒற்றை அறை, வாடகை வீடு. பொம்மசந்திராவில் ஒரு மருந்துக் கம்பெனியில் பேக்கிங் வேலை. வந்த விஷயத்தை அவளிடம் சொன்னோம்.

"அண்ணன் வீட்ட விக்குதா? நீங்க சொல்லித்தாங்க்கா எனக்கே தெரியுது. அம்மா போனதுக்கப்புறம் அது இந்தப் பக்கமே வர்ல."

பிறகு, "எங்க போடணும், காட்டுங்க" என்று கை நீட்டினாள்.

பத்திரத்தை எடுக்கச் சொல்லிக் கணவர் ஜாடை காட்டினார். எனக்கு மனம் வரவில்லை. எங்கள் பாதுகாப்புக்காக எழுதிய அந்தத் தாள் அவளுக்கு எதையும் மிச்சம் வைக்காது.

"இப்பப் போடாதீங்க. அது உங்களுக்கும் சேர்ந்த வீடு. அண்ணன்கிட்ட முதல்ல பேசுங்க" என்றேன்.

வீடு திரும்பியதும் கணவர் வெடித்தார். "அட்வான்ஸ் குடுத்தாச்சு. வீடு கைநழுவிப் போனா என்ன பண்ணுவ?" அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. மறுநாள் விற்பவரும் போன் செய்தார். "வீடு வாங்க வந்தீங்களா, குடும்பத்தக் கெடுக்க வந்தீங்களா?"

அதன்பின் அவரிடமிருந்து தகவல் இல்லை. வேறு வீடு தேடலாம் என்று நாங்கள் நினைக்க ஆரம்பித்தபோது, அண்ணனும் தங்கையும் சேர்ந்தே வக்கீலிடம் வந்தார்கள். அம்மாவின் வைத்தியத்துக்கு அண்ணன் வாங்கிய கடன் இன்னும் தீரவில்லை என்பது அவளுக்கு அதுவரை தெரியாது. அவள் கணவன் விட்டுப்போய்விட்டது அவருக்குத் தெரியாது.

"சொல்லியிருக்கலாம்ல?" என்று எங்கள் முன்னாலேயே அவளைக் கேட்டார்.

"நீ வந்திருந்தா சொல்லியிருப்பேன்" என்றாள்.

கடன் போக மிச்சத்தில் பாதி அவளுக்கு என்று பேசி முடித்தார்கள். வக்கீல் சொன்னபடி அவள் பெயருக்குத் தனிக் காசோலை கொடுத்தோம். பதிவு அலுவலகத்தில் அவளும் அண்ணனோடு விற்பவளாகவே கையெழுத்துப் போட்டாள்.

பால் காய்ச்சிய அன்று அவள் மட்டும் வந்திருந்தாள். சாப்பிட்டுக் கை கழுவப் பின்பக்கம் போனவள், அங்கிருந்தே குரல் கொடுத்தாள்: "இந்தக் குழாய இறுக்கி மூடணும்க்கா, இல்லன்னா சொட்டிக்கினே இருக்கும்."