கல்யாண முறுக்கும் கறுத்த எண்ணெயும்

உணவுப் பாதுகாப்பு அலுவலர் வேலைக்கு வந்த நாளிலிருந்து நான் அதிகம் கேட்ட பேச்சு, "இத்தனை வருசமா யாரும் செத்துப்போகலையே" என்பதுதான். செத்தால்தான் வருவேனா என்று திருப்பிக் கேட்பேன். அதனால் ஊரில் எனக்கு நல்ல பெயர் கிடையாது.

காரைக்குடியில் ஒரு பலகாரக் கடை. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அதன் பின்கட்டு அடுப்படிக்குள் நுழைந்தேன். மறுநாள் கோட்டையூரில் கல்யாணம். தேன்குழலும் சீப்புச்சீடையும் டின் டின்னாக அடுக்கியிருந்தது. சாயங்காலம் வண்டியில் ஏறிவிடும். பெரிய வாணலியில் கொதித்த எண்ணெய் டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. நுரை அடங்கவே இல்லை. காறல் வாடை மூக்கில் ஏறியது.

எண்ணெய் கெட்டதை அங்கேயே காட்டும் கருவி என்னிடம் பழுதாகிக் கிடந்தது. புதிது கேட்டு எழுதியதற்குப் பதில் இல்லை. மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம். முடிவு வருவதற்குள் கல்யாண வீட்டுப் பிள்ளைகள் எல்லாவற்றையும் தின்று முடித்திருப்பார்கள். சரக்கை நிறுத்த எனக்கு அதிகாரம் உண்டு. ஆனால் மோந்து பார்த்தேன் என்று மட்டும் எழுதினால் கடைக்காரருடைய வக்கீல் சிரிப்பார்.

கடைக்காரர் நெற்றி நிறைய விபூதியோடு வந்தார்.

"வாங்க மேடம். காப்பி சாப்பிடுறீகளா?"

"வேணாம். இது என்னைக்கு ஊத்துன எண்ணெய்?"

"இன்னைக்குக் காலையிலதான். எள்ளுப் போட்ட மாவு, அதான் கறுத்திருக்கு. வீட்டுல முறுக்கே சுட்டதில்லையாக்கும்?"

மாவு பிழிந்துகொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

"சுட்டிருக்கேன். சாக்கடைத் தண்ணியில சுட்டதில்ல."

சிரிப்பு நின்றது. அப்போதுதான் மூலையில் ஒரு சின்ன அடுப்பும், அதன்மேல் சின்ன வாணலியும் கண்ணில் பட்டன. பக்கத்தில் அப்போதுதான் பிரித்த எண்ணெய்ப் பாக்கெட்.

"அது யாருக்கு?"

"பிள்ளையாருக்கு. வெள்ளிக்கிழமையில்ல, படைக்கணும்."

"எதுக்குத் தனியா? இந்தப் பெரிய வாணலியிலயே பிழிஞ்சு படைங்க."

அவர் பதறிப்போனார். "என்ன மேடம் பேசுறீக! பழைய எண்ணெயில சாமிக்குச் சுடுறது பாவமில்லையா?"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. நான் அந்த வாக்கியத்தை அப்படியே எழுதி, அங்கிருந்தவர்களைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். மாதிரி எடுத்தேன். டின்களுக்கு சீல் வைத்தேன். மிச்ச எண்ணெயை ஆறவைத்து, திரும்ப அடுப்பில் ஏறாதபடி ஃபினாயில் ஊற்றவைத்தேன்.

அவர் கல்யாண வீட்டுக்குப் போன் போட்டு என் கையில் திணித்தார். பெண்ணின் அம்மா பேசினார்.

"நாளைக்குக் கல்யாணத்த வச்சுக்கிட்டு இப்படிப் பண்றீகளே, நல்லாருக்கா?"

"கெட்டுப்போன எண்ணெயில சுட்டிருக்காக ஆச்சி. உங்க வீட்டுப் பிள்ளைகதான் திங்கப்போகுது. அனுப்பவா?"



"புது எண்ணெயில சுடச் சொல்லுங்க. நீங்க அங்குட்டே இருங்க. நகந்துறாதீக."

நகரவில்லை. அடுப்புக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். வாணலியைத் தேய்த்துக் கழுவி, என் கண் முன்னால் புது டின்னை உடைத்து ஊற்றினார்கள். கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். சாயங்காலம் ஒரு தட்டில் தேன்குழல் கொண்டுவந்து நீட்டினார்.

"இதையாவது சாப்பிடுவீகளா?"

"சாப்பிட வரல" என்று சொல்லி, அதிலும் மாதிரி எடுத்து சீல் வைத்தேன். பிறகுதான் பலகார வண்டியைக் கோட்டையூருக்குப் போக விட்டேன்.