மிளகாய்த்தூள் மேல் விழுந்த பழி

அந்தத் தொழிற்சாலை கேன்டீனில் நானூறு பேருக்குச் சமைக்கும் மாஸ்டருக்கு நாக்குதான் தராசு. குழம்பு கொதிக்கும்போது இரண்டு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பார். "சரி, இறக்கு" என்றால் இறக்கிவிட வேண்டியதுதான். இருபத்திரண்டு வருஷமாக அந்த வாக்கை யாரும் எதிர்த்துப் பேசியதில்லை. அதனால்தான் ஒருநாள் அவர், "இந்தத் தடவை வந்த தூள் சரியில்ல, வாய் எரியுது" என்று சொன்னதும், சமையல்கட்டு மொத்தமும் தலையாட்டியது.

தூளைக் குறைத்தார். மறுநாளும் எரிந்தது. இன்னும் குறைத்தார். மூன்றாவது வாரம், வெந்நீரில் காய்கறி குளிக்கிற மாதிரி ஏதோ ஒன்று தட்டில் வந்து விழுந்தது. "மாஸ்டர், யாருக்கு உடம்பு சரியில்ல? எங்களுக்கா?" என்று வெல்டிங் பிரிவு ஆட்கள் கேட்டார்கள். மனுஷருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தூள் விற்கிறவருக்குப் போன் போட்டு, கலப்படக்காரன் என்பதில் தொடங்கி வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தார்.

தூள்காரர் இருபது வருஷ சிநேகிதர். ரோஷத்துக்கும் குறைச்சல் இல்லாதவர். மறுநாள் காலையிலேயே டப்பாவும் கையுமாக வந்து நின்றார்.

"அதே மிளகாய், அதே மில்லு. நீயே பாரு." ஒரு சிட்டிகையை எடுத்துத் தன் நாக்கில் போட்டுக்கொண்டார். காய் நறுக்குகிற அம்மாவும் தொட்டுப் பார்த்தார். "எப்பவும் போலத்தான் இருக்கு மாஸ்டர்."

மாஸ்டரும் வீம்புக்குக் கொஞ்சம் போட்டுக்கொண்டார். போட்ட வேகத்தில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினார்.

பின்னாலேயே போன தூள்காரருக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. "வாயைத் திற."

"எதுக்கு?"

"திறய்யா, சொல்றேன்ல."

போன் வெளிச்சத்தில் பார்த்தார். இடது கன்னத்துக்குள், மாஸ்டர் வழக்கமாகப் புகையிலை அடக்கி வைக்கும் இடத்தில், வெள்ளையாக ஒரு தடிப்பு. அதன் நடுவே சிவந்த புண்.

"எத்தனை நாளா இருக்கு?"

"ஒன்றரை மாசம் இருக்கும். பல்லு பட்டிருக்கும்யா. வலிக்கல, அதான் விட்டுட்டேன்."

"என் மச்சானும் வலிக்கலன்னுதான் சொன்னான்," என்றார் தூள்காரர். அந்த மச்சானின் சாவுக்கு மாஸ்டரும் போயிருந்தார். சட்டையை மாற்றிக்கொண்டு கூடவே கிளம்பினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கன்னத்தை விரலால் தடவிப் பார்த்தார், கழுத்தை அமுக்கிப் பார்த்தார். "வாய்ப்புண் ரெண்டு மூணு வாரத்துல ஆறலன்னா உடனே காட்டிடணும். வெள்ளைத் தடிப்பு, செவப்புத் திட்டு, காரம் பட்டா எரிச்சல், வாய் முழுசாத் திறக்க முடியாம போறது, எல்லாமே உடம்பு சொல்ற சேதி. ஆரம்பத்துல வலிக்காது. அதை நம்பித்தான் எல்லாரும் ஏமாந்து போறாங்க." ஒரு சின்னச் சதைத் துண்டை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

முடிவு வர ஆறு நாள். தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் மனைவி அந்த ஆறு நாளும் லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருந்தாள். மாஸ்டருக்கு உயிர் பயம் இருந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. "நாக்கு போயிடுச்சுன்னா நான் யாரு?" என்று கேட்டார்.

"என் புருஷன். வேற யாரு?" என்றாள்.

புற்றுநோய்தான். ஆனால் ஆரம்ப நிலை. நாக்குக்கோ கழுத்துக்கோ பரவவில்லை. அறுவை சிகிச்சையில் முழுதாக எடுத்துவிட்டார்கள். இருவருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. புகையிலையை மாஸ்டர் அதோடு தலைமுழுகினார். ருசி மட்டும், போகப் போகத்தான் தெரியும் என்றார் டாக்டரம்மா.

வீட்டில் அதுவரை மாஸ்டர்தான் சமையல். மனைவி அடுப்பங்கரைப் பக்கம் எட்டிப் பார்த்தாலே ஆயிரம் நொட்டை சொல்வார். இப்போது அவளே எல்லாவற்றையும் குழைய வேகவைத்து, மசித்து, ஆறவைத்துக் கொடுத்தாள். சாப்பிட்டதும் உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வைத்தாள். கன்னம் இறுகிவிடக் கூடாதென்று காலையும் மாலையும் வாயைத் திறந்து மூடும் பயிற்சி. முதலில் ஒரு விரல்தான் நுழைந்தது, பிறகு இரண்டு. எல்லாம் நன்றாகத்தான் போனது. ஆனால் மாஸ்டர் ஒரு குறையும் சொல்லவில்லை. அதுதான் அவளைக் கலவரப்படுத்தியது. ஒருநாள் வேண்டுமென்றே உப்பே போடாமல் கொடுத்துப் பார்த்தாள். சத்தமில்லாமல் சாப்பிட்டு முடித்துத் தட்டை நீட்டினார். அவள் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். "அவர் வாயிலேர்ந்து ஒரு குறை வந்துச்சுன்னா முதல்ல எனக்குச் சொல்லும்மா," என்று தூள்காரர் வாரம் தவறாமல் போன் செய்தார்.

நான்காவது மாதம், கொஞ்சமாகக் காரம் சேர்க்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். அன்று மனைவி பயந்து பயந்து அரைச் சிட்டிகை தூள் போட்டுக் குழம்பு வைத்தாள். மாஸ்டர் தானாக எழுந்து வந்தார். கரண்டியை வாங்கி, இரண்டு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கினார். கண்ணை மூடினார்.

"என்னடி சமைச்சிருக்க? உப்பு தூக்கல். காரம்னு ஒண்ணு கிடையவே கிடையாது."

அவள் போனை எடுத்தாள்.

"அண்ணா, குறை சொல்லிட்டாருண்ணா!"

"இப்பவும் என் தூள் மேலதானா பழி?"

"இல்லண்ணா, இந்தத் தடவை என் மேல," என்றாள், அழுகையும் சிரிப்புமாக.