அரும்பாவூரில் நான் தொட்ட கிடார்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருச்சியிலிருந்து அரும்பாவூர் போனேன். அரியலூர்க்காரர் செல்வராசு அண்ணன் விரலில் இரும்புக் குழாயை மாட்டி, கிடார் கம்பிகளின் மேல் வழுக்கவிட்டு, ப்ளூஸ் என்ற அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோக இசையை வாசிக்கும் வீடியோ ஒன்றை நண்பன் அனுப்பியிருந்தான். பெங்களூரு ஓட்டல்களில் பதினோரு வருடம் ப்ளூஸ் வாசித்தவராம். ஊர் திரும்பிய பிறகு மெல்லிசைக் குழு, மாதா கோயில், கட்சிக் கூட்டம் என்று எல்லா மேடையிலும் ஏறுகிறார். போன் செய்தேன். "அரும்பாவூர்ல ஒரு காதுகுத்து இருக்கு, வந்துடுங்க தம்பி" என்றார்.

காலை 7.15க்குத் திருச்சியில் ஏறினால் 8.45க்குப் பெரம்பலூர். அறுபது கிலோமீட்டர், டிக்கெட் 55 ரூபாய். அங்கிருந்து 9.10க்கு அரும்பாவூர் பஸ், 25 ரூபாய், ஒரு மணி நேரம். ஜன்னலோரம் கிடைத்தால் மக்காச்சோளக் காடுகளைப் பார்த்தபடியே போகலாம்.

மண்டபத்தில் அண்ணன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் நின்றார். "தாய்மாமனோட சிநேகிதரு ஒருத்தர் வந்திருக்காரு. பாண்டிச்சேரில கச்சேரி நடத்துறவரு. ப்ளூஸ் மட்டும் வாசிக்க ஆள் தேடுறாராம். மொத பாட்ட கேட்டுட்டு கெளம்பிடுவாரு. ஊருக்கு வந்ததுலேருந்து அத யாரும் எங்கிட்ட கேட்டதில்ல தம்பி" என்றார். சொல்லும்போதே சட்டைக் காலரை இரண்டு முறை சரிசெய்துகொண்டார். "கொஞ்சம் கிடார பாத்துக்குங்க, ஒரு வாய் சாப்டுட்டு வந்துடறேன்."

நமக்குத்தான் கை சும்மா இருக்காதே. மூன்று மாதம் கிடார் வகுப்புக்குப் போன ஆள் நான். போனில் இருந்த சுருதி பார்க்கும் ஆப்பை வைத்துப் பார்த்தேன். ஆறு கம்பியில் ஐந்து தப்பு என்றது. பாவம், அவசரத்தில் சுருதி சேர்க்க மறந்துவிட்டார் என்று நினைத்து, ஒவ்வொன்றாகத் திருகிச் 'சரி' செய்துவைத்தேன். குழாய் மாட்டி வாசிப்பவர்கள் கம்பிகளைத் தனிச் சுருதியில் வைப்பார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. உதவி செய்த பெருமை வேறு.

பன்னிரண்டு மணிக்குத் தாய்மாமன் சீர் வந்தது. வெடிச் சத்தம் அடங்கியதும் அண்ணன் மேடையேறி வாசிக்கத் தொடங்கினார். முதல் இழுப்பே அபஸ்வரம். முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். "மன்னிக்கணுங்க, ரெண்டு நிமிஷம்" என்று மைக்கில் சொல்லிவிட்டு அவசரமாகத் திருகினார். மெல்லிய கம்பி அறுந்தது. பாண்டிச்சேரிக்காரர் வாட்ச்சைப் பார்த்தார், எழுந்தார். அவர் கார் கிளம்பிய பிறகு, மீதி ஐந்து கம்பியில் அண்ணன் வாசித்ததற்கு மண்டபமே விசிலடித்தது. நான் பந்தியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

பெரம்பலூர் வரை சேர்ந்தே வந்தோம். பஸ் ஸ்டாண்டில் 3.10க்கு அரியலூர் பஸ் நின்றது. "கூட்டமா இருக்கு, அடுத்ததுல போறேன்" என்றார். பாதி சீட் காலி. டீ வாங்கிக் கொடுத்தார். 3.35 பஸ்ஸையும் விட்டார். நான் வெயிலைப் பற்றிப் பேசினேன், சாப்பாட்டைப் பற்றிப் பேசினேன். நான்கு மணி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். பஸ் நகரும்போது மெதுவாகச் சொன்னார்: "நீங்களா சொல்லுவீங்கன்னுதான் தம்பி ரெண்டு பஸ்ஸ விட்டேன்."

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். காதுகுத்து மேடையில் பன்னிரண்டு மணிக்கு முன்னால் பாட்டு தொடங்காது, நிதானமாகவே போகலாம். அரும்பாவூரிலிருந்து திரும்பும் பஸ் நேரத்தைக் கண்டக்டரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்தவர் வாத்தியத்தைத் தொடாதீர்கள்.

பாண்டிச்சேரிக்காரரின் நம்பரைத் தேடிப் பிடித்து நடந்ததையெல்லாம் நேற்றுதான் சொன்னேன். வேறு ஆள் கிடைத்துவிட்டாராம். அண்ணனுக்கு இன்னும் போன் செய்யவில்லை. அவர் இதையெல்லாம் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில்தான் இங்கே எழுதுகிறேன். அதுவும் கேவலம்தான்.