செல்வியின் குடலும் எட்டு வீட்டுக் கக்கூஸும்

பென்னலூரில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் காலையில் மனிதர்கள் வரிசையில் நிற்பதில்லை. பிளாஸ்டிக் மக்குகள்தான் நிற்கும். எட்டு வீட்டுக்கு ஒரு கக்கூஸ். அவரவர் மக்கைக் கதவோரம் வைத்துவிட்டுப் பல் தேய்க்கப் போய்விடுவார்கள். முந்தினால் சண்டை. சாயல்குடிப் பக்கத்திலிருந்து வந்த எனக்கு முதலில் இது வேடிக்கையாக இருந்தது. எங்கள் ஊரில் எல்லோருக்கும் கருவேலங்காடுதான். யார் எத்தனை முறை போனார்கள் என்று எவரும் எண்ணியதில்லை. ஒன்பது வயது மகள் செல்விக்கு வயிறு கெட்ட பிறகு வேடிக்கை போய்விட்டது. ஒரு நாளைக்குப் பத்து முறை, ரத்தத்தோடு. எந்த மக்கு அவளுக்கு வழிவிடும்? அவள் ஓடும்போதெல்லாம் முற்றத்துப் பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அந்த முகங்களை நான் வெறுத்தேன். அவள் அம்மா ஷிஃப்டுக்குப் போயிருந்த ஒருநாள், பாவாடையை அலசிய நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். செல்வி அதைப் பார்த்துவிட்டாள்.

ஸ்ரீபெரும்புதூர் கிளினிக் டாக்டர், இது சாதாரணப் பேதி இல்லை என்று சென்னைக் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். வீட்டுக்காரம்மா மல்லிகாக்கா விடவில்லை.

"இன்னாபா நீ, கொயந்தைக்குத் தொக்கம் விழுந்துகீது. துன்னது உள்ள மாட்டிக்கினு கீது. மண்ணூர்ல ஒருத்தர் கீறாரு, எடுத்துட்டார்னா சரியாப் பூடும்."

குழந்தை மெலிந்தால், தின்றது குடலில் ஒட்டிக்கொண்டது என்று எடுப்பவரிடம் கூட்டிப்போவது இந்தப் பக்கத்து வழக்கம். போனோம். அவர் வெற்றிலைக்கறை வாயைச் செல்வியின் வயிற்றில் வைத்து உறிஞ்சி, உள்ளங்கையில் துப்பினார். முடி சுற்றிய சவ்வுத்துண்டு ஒன்று. மல்லிகாக்கா கிட்டே குனிந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஒரகடம் கம்பெனியில் ரப்பர் சீல்களை லென்ஸ் வைத்துப் பார்த்து, மயிரிழைக் கீறல் இருந்தாலும் ரிஜெக்ட் செய்கிறவன் நான். அன்று கையெடுத்துக் கும்பிட்டேன். ஒரு மாதம் இங்கிலீஷ் மருந்து ஆகாது என்றார் தொக்கம் எடுத்தவர். சென்னைச் சீட்டு ஒரு மாதம் என் சட்டைப்பையில் கிடந்தது. பிள்ளை எலும்பும் தோலுமானாள். அந்த ஆளை நினைத்தால் இன்றும் வாந்தி வருகிறது. என்னை நினைத்தால் அதைவிட அருவருப்பு. பிள்ளைகளோடு இந்தப் பக்கம் பிழைக்க வரும் நம் ஊர்க்காரர்களே, சீட்டு கிடைத்தால் அன்றே பஸ் ஏறுங்கள்.

சென்னையில் குழாய் விட்டுப் பார்த்த டாக்டரம்மா, க்ரோன்ஸ் என்று பெயர் சொன்னார். உடம்பே தன் குடலைப் புண்ணாக்கும் நோய். அடுத்தவருக்கு ஒட்டாது, அடியோடு போகவும் போகாது, அடக்கி வைக்கலாம். ஸ்டீராய்டு மாத்திரை சீக்கிரம் கேட்கும், ஆனால் முகம் உப்பும், வளர்த்தி குறையலாம். இல்லையென்றால் ஆறு முதல் எட்டு வாரம் சோறே இல்லாமல், டப்பா மாவைக் கரைத்த சத்துப்பால் மட்டும். எதுவானாலும் புண் திரும்பாமலிருக்க வேறு மாத்திரை, அடிக்கடி ரத்தப் பரிசோதனை. குடல் சுருங்கிப்போனால் ஆபரேஷன்.

"எதும்மா சீக்கிரம் முடியும்? எனக்கு லீவு கெடைக்காது," என்றேன்.

அவர் என்னை விட்டுவிட்டுச் செல்வியிடம், "நீ என்னம்மா சொல்றே?" என்றார்.

"பாலே குடிக்கிறேன். நான் வளரணும்."

எட்டு வாரம் குடித்தாள். பக்கத்து வீடுகளில் மீன்குழம்பு கொதிக்கும்போது தலையணையில் முகம் புதைத்துக்கொள்வாள். பெற்ற பிள்ளையைப் பட்டினி போடுகிறான் என்று முற்றத்தில் பேசினார்கள். மூன்றாம் வாரம் ரத்தம் நின்றது. அதை யாரும் பேசவில்லை. அப்புறம் ஒட்டுவாரொட்டி என்று கிளப்பிவிட்டார்கள்.

"மத்தவங்க கொயந்தைங்களும் கீதில்ல. வேற வூடு பாத்துக்கோபா," என்றார் மல்லிகாக்கா. ஒட்டாது என்று டாக்டர் எழுதித் தந்த காகிதத்தை நீட்டினேன். அதைத் தொடக்கூட அவருக்கு அருவருப்பாக இருந்தது.

மறைமலை நகரில், கழிப்பறை உள்ளேயே இருக்கும் ஓரறை வீட்டுக்கு மாறினோம். முதல் ஞாயிற்றுக்கிழமை உள்ளே போன செல்வி வெகுநேரம் வரவில்லை. கதவருகே போனேன்.

"தாயி, மறுபடி வலிக்குதா?"

"இல்லப்பா. எப்பவோ முடிஞ்சிருச்சு. சும்மா உக்காந்திருக்கேன். யாருமே தட்டல."

ஊரிலிருந்து வந்த என் அண்ணனின் கடிதம் கையில் இருந்தது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஊரோடு வந்துவிடு, சொந்தபந்தம் பார்த்துக்கொள்ளும் என்று எழுதியிருந்தார். எனக்கும் ஏக்கம்தான். மூடிய கதவுக்கு வெளியே நின்று வாசித்துக் காட்டினேன்.

"நீங்க வேணா போயிட்டு வாங்கப்பா. நான் இங்கனயே இருக்கேன்."