போன்காரம்மாவின் இருபத்து மூன்று குச்சிகள்

ஆஸ்பத்திரிச் சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அவளுடைய பெயர் பயன்பட்டதில்லை. வாட்ச்மேனில் தொடங்கி பெரிய டாக்டர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் போன்காரம்மாதான். அவள் செய்கிற வேலையைச் சொன்னால் கல்யாண வீட்டில்கூடப் பக்கத்து நாற்காலிக்காரர் மெல்ல எழுந்து வேறு இடம் பார்ப்பார். இதய வால்வு சுருங்கிய நானூறு பேரின் பட்டியல் அவளிடம் இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு, ஆள் இருக்கிறாரா போய்விட்டாரா என்று கேட்டு எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை.

முதலில் அவள் கீழ்த்தளத்து விசாரணை ஜன்னலில் இருந்தாள். சண்டைக்கு வந்தவன்கூட அவள் குரலைக் கேட்டு உட்கார்ந்துவிடுகிறான் என்று கண்டுபிடித்த யாரோ ஒரு புண்ணியவான், அவளை ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தூக்கிப் போட்டான். அந்தப் பிரிவு ஒரே ஓர் அறை. அதை அறை என்று சொல்வதுகூட ஒரு மரியாதைக்குத்தான். இரண்டு மேசை, நான்கு இரும்பு அலமாரி. எதிர் மேசைக்காரர் நாற்காலியைப் பின்னால் தள்ளினால் கதவு திறக்காது. ஜன்னல் உண்டு, திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர், கையை நீட்டினால் தொட்டுவிடலாம். வெளியே மழையா வெயிலா என்பதை உள்ளே வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இதற்குள் பதினோரு வருடம் ஓடிவிட்டது.

எதிர் மேசைக்காரர் புள்ளியியல்காரர். நாள் முழுக்கப் படி படியாக இறங்கும் கோடுகளையே வரைந்துகொண்டிருப்பதால் அவருக்குப் படிக்கட்டு சார் என்று பெயர் விழுந்துவிட்டது. அந்தக் கோட்டைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம். எல்லோரும் உயிரோடு இருக்கும் நாளில் கோடு உச்சியில் தொடங்கும். ஒருவர் இறந்தால் ஒரு படி இறங்கும். இன்னொருவர், இன்னொரு படி. நோய் எவ்வளவு வேகத்தில் ஆளைத் தள்ளுகிறது என்பது கோட்டின் சரிவில் தெரிந்துவிடும். பாதியில் தகவல் அற்றுப் போனவர்களுக்கு மட்டும் படி கிடையாது. கடைசியாகப் பேசிய தேதியில் கோட்டின் மேல் ஒரு சின்னக் குச்சி நிற்கும்.

"குச்சின்னா என்ன அர்த்தம் தெரியுமாம்மா? இதுவரைக்கும் இருந்தாரு, அதுக்கப்புறம் நமக்குத் தெரியாது. வீடு மாறியிருப்பாரு, நம்பர் மாத்தியிருப்பாரு. மத்தவங்களுக்கு என்ன ஆகுதோ அதேதான் அவருக்கும் ஆகும்னு கணக்கு நம்பிக்கும்" என்பார் படிக்கட்டு சார், வருடத்துக்கு நாலு தடவையாவது. அவளும் தலையாட்டுவாள்.

இந்தக் குச்சி விஷயத்தில்தான் அவள் கை தவறு செய்யப் பழகியது. இந்தப் பட்டியல் தொடங்கிய இரண்டாம் வருடம், ஒரு வீட்டுக்குப் போன் போட்டாள். ஒரு பெண் எடுத்தாள். "ஐயா எப்படி இருக்காங்க?" என்று இவள் வழக்கம்போல் கேட்டாள். "இப்பதான் வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியிருக்கோம். நீங்க எப்ப கிளம்பி வர்றீங்க?" என்றது குரல். யாரோ சொந்தக்காரி என்று நினைத்துவிட்டாள் பாவம். போன்காரம்மா வாய் தவறி "இதோ வர்றேன்" என்று சொல்லிப் போனை வைத்தாள். வராத அந்தச் சொந்தக்காரியை நினைத்து அன்று முழுக்க அழுதாள். படிவத்தில் இறந்த தேதி என்று போட்ட இடத்தில் மை கலங்கியிருக்கும், இப்போதும் போய்ப் பார்க்கலாம்.

அதற்குப் பிறகு, போன தடவை பேசும்போது எவருக்கு மூச்சு இழுத்ததோ, எந்த வீட்டில் பின்னால் கிசுகிசுப்பு கேட்டதோ, அந்த எண்களைப் போடும்போது மட்டும் அவள் கை அவசரப்படும். விதிப்படி மூன்று வெவ்வேறு நாளில், மணி அடித்து ஓயும் வரை காத்திருக்க வேண்டும். அவள் மூன்று நாளும் போடுவாள்; அதில் குறை வைத்ததில்லை. ஆனால் மணி இரண்டு தடவை அடித்ததும் வைத்துவிடுவாள். யார் வீட்டிலும் மணி இரண்டு தடவை அடிப்பதற்குள் போனை எடுத்துவிட முடியாது. 'எடுக்கவில்லை' என்று எழுதுவாள். பொய் ஒன்றும் இல்லையே, யாரும் எடுக்கவில்லைதானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வாள். ஆஸ்பத்திரி எண்ணுக்குத் திரும்பக் கூப்பிட்டால் போகாது என்பதும் வசதியாகப் போயிற்று. இப்படி நான்கு வருடத்தில் இருபத்து மூன்று குச்சிகள் சேர்ந்தன.

அவள் வீட்டுக்காரர் தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. துணியைக் கண்டால் கத்தரி வைக்கிற மனுஷன், தன் உடம்பில் ஊசி என்றால் மயங்கிவிடுவார். ஒருநாள் துணிக்கட்டோடு மாடியேறும்போது பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். மார்பைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல, தண்ணி குடு" என்றார். அவள் தண்ணீர் கொடுத்துவிட்டுத் தன் ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போனாள். வால்வு சுருங்கியிருந்தது.

பெரிய டாக்டர் அம்மா நல்லவர். எல்லாவற்றையும் நோயாளிக்கே காட்டிச் சொல்ல வேண்டும் என்கிற கட்சி. கணினித் திரையைத் தையல்காரர் பக்கம் திருப்பினார்.

"இது நம்ம ஆஸ்பத்திரியோட ஆறு வருஷக் கணக்கு. நீலக் கோடு ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க. பச்சை மாத்திரையிலேயே இருக்கறவங்க. ரெண்டும் கிட்டத்தட்ட ஒட்டிக்கிட்டே போகுது பாருங்க. ஆபரேஷன்ல முதல் மாசம் கொஞ்சம் ஆபத்து உண்டு. ரெண்டு வாரம் யோசிச்சு நீங்களே முடிவு பண்ணுங்க."

"யோசிக்கறதுக்கு என்னம்மா இருக்கு? பச்சையே போட்ருங்க" என்றார் தையல்காரர், லைனிங் துணி எடுத்துக் கொடுப்பவர் மாதிரி.

டாக்டர் சிரித்துவிட்டார். "கணக்கு உங்க வீட்டு சரக்குதான். போன்காரம்மா போன் போட்டுச் சேர்த்ததுதானே எல்லாம்."

போன்காரம்மா சிரிக்கவில்லை. அவள் பச்சைக் கோட்டின் மேல் நின்ற குச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்களுக்கு அவை பூச்சிக் கால்கள். அவளுக்கு ஒவ்வொன்றும் ஆளாகத் தெரிந்தது: இது இருமிக்கொண்டே பேசுகிற ரிட்டயர்டு வாத்தியார், இது பேரக் குழந்தையிடம் போனைக் கொடுத்துவிடுகிற அம்மாள். மேசைக்கும் சுவருக்கும் நடுவே அவளுடைய நாற்காலி சிக்கியிருந்தது. எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. வீட்டுக்காரர் எழுந்தால்தான் அவள் எழ முடியும்.

வீட்டுக்கு வந்த பிறகு மனுஷனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அளவு கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் காற்றில் விரலால் இரண்டு கோடு போட்டுக் காட்டினார். "ஆபரேஷனும் மாத்திரையும் ஒண்ணுதானாம். எங்க வீட்ல போட்ட கணக்கு." அவள் உள்ளே பாத்திரத்தைத் துலக்கியபடி கேட்டாள். சொன்னால் அவர் மார்பில் கத்தி. சொல்லாவிட்டால் அவர் ஏறி நிற்பது, கேட்கப் பயந்த சாவுகளை விட்டுவிட்டு அவள் கட்டிய பச்சைக் கோடு. சொல்லி, அவரும் கத்திக்குச் சம்மதித்து, ஆபரேஷன் மேசையிலேயே ஏதாவது ஆகிவிட்டால்? எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் கைதான் முன்னால் வந்து நின்றது. அவளுக்கு உண்மையிலேயே பயம். அந்தப் பயத்தில் ஒரு வாரம் வாயே திறக்கவில்லை.

எட்டாம் நாள் காலை படிக்கட்டு சார் வருவதற்கு முன்பே போய், இருபத்து மூன்று எண்களையும் எடுத்து வைத்துக்கொண்டு, மணி ஓயும் வரை அடிக்கவிட்டாள்.

முதல் எண் இல்லாத எண். இரண்டாவது, ஒரு கிழவர் எடுத்தார். அவள் குரலைக் கேட்டதுமே பிடித்துக்கொண்டார். "ரெண்டு மணி அடிச்சுட்டு வெக்கறது நீங்கதானா? அறிவிருக்கா உங்களுக்கு? போன் சமையல்கட்டுல சார்ஜ்ல கிடக்கும், நான் கட்டில்ல கிடப்பேன். ஒவ்வொரு தடவையும் சுவரைப் பிடிச்சுப் பிடிச்சு வந்து சேர்றதுக்குள்ள நின்னுடும். மகன்தான் கூப்பிடறான்னு நினைச்சு நினைச்சு நான் ஓடி வர்றேன்!" நன்றாகத் திட்டினார். அவள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, 'இருக்கிறார்' என்று எழுதினாள்.

ஐந்தாவது வீட்டில் ஒரு மனைவி. அவர் போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது என்றாள். போன்காரம்மா திணறித் திணறி மன்னிப்புக் கேட்டாள்.

"நீங்க எதுக்கும்மா மன்னிப்புக் கேக்கறீங்க? அவரு போனதுக்கப்புறம் நீங்க கேப்பீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன். மூணு மாசத்துக்கு ஒரு தடவை தவறாம கேட்டவங்க நீங்க ஒருத்தர்தான். சொல்றதுக்கு ஆள் இல்லாம இருந்தது" என்றாள் அவள். பிறகு கடைசி நாள் முழுவதையும் சொன்னாள். இருபது நிமிடம் ஆனது.

மத்தியானத்துக்குள் கணக்கு வந்துவிட்டது. இரண்டு எண்கள் உண்மையிலேயே செத்த எண்கள். ஐந்து பேர் இருந்தார்கள். பதினாறு பேர் இல்லை. அந்தப் பதினாறு பேரும் மாத்திரைக்காரர்கள்.

தாளைப் படிக்கட்டு சார் முன்னால் வைத்து, மணி இரண்டு தடவை அடித்ததும் வைத்துவிட்ட கதையைச் சொன்னாள். அவர் கத்தியிருந்தால் தேவலை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார்.

"ஏம்மா, முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பேசியிருப்பேனே" என்றார். பிறகு தாளில் விரலை வைத்தார். "ஆபரேஷன்காரங்க போனா இங்கயே மாடியில போறாங்க, எழுதி வந்துடும். மாத்திரைக்காரங்க வீட்ல போறாங்க. அது உங்க போன் வழியாத்தான் இந்த ரூமுக்குள்ள வரணும். நீங்க ஒரு பக்கத்துச் சாவை மட்டும் வெளியில நிறுத்திட்டீங்கம்மா."

புதிதாக வரைந்தார். நீலக் கோடு முதல் மாதத்தில் ஒரு பெரிய படி தடாலென்று இறங்கி, பிறகு கிட்டத்தட்டத் தரை மாதிரி நேராகப் போயிற்று. பச்சைக் கோடு இரண்டு வருடம் நல்ல பிள்ளையாக நடந்து, அதற்கப்புறம் இறங்கத் தொடங்கி நிற்கவே இல்லை. ஆறாவது வருடத்தில் இரண்டுக்கும் நடுவே நான்கு விரல் வைக்கலாம்.

பெரிய டாக்டர் அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. மன்னிப்பு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பழைய கோட்டைப் பார்த்து மாத்திரையைத் தேர்ந்தெடுத்த ஒவ்வொருவரையும் திரும்ப அழைக்க வேண்டும், அவர்களுடைய குரல் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்றார். வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டு அவள் எழுதிக் கொடுத்த கடிதம் அப்படியே மேசைக்குத் திரும்பி வந்தது.

திரும்ப அழைக்க வேண்டியவர்களில் முதல் ஆள் அவள் வீட்டிலேயே இருந்தார். மிஷின் ஓடிக்கொண்டிருந்தபோதே சொன்னாள். மிஷின் நின்றது.

"நீ போட்ட கணக்குதானே அது?"

"நான் கெடுத்த கணக்குங்க. இதுதான் சரியான கோடு. பாருங்க." புதுத் தாளை விரித்தாள்.

அவர் நெடுநேரம் பார்த்தார். பச்சையைப் பார்க்கவே இல்லை. நீலக் கோட்டின் முதல் படியில் விரலை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார். "ஒரே மாசத்துல இவ்வளவு பெரிய படியா?"

"அதைத் தாண்டிட்டா நேராப் போகுதுங்க."

"தாண்டினாத்தானே."

"உங்க கால்ல விழறேன், ஆபரேஷன் பண்ணிக்கலாங்க."

"எனக்குக் கோபம் ஒண்ணும் இல்லடி" என்றார் அவர். "தப்பு அளவுல ஒரு தடவை வெட்டிட்டேன்னு வெச்சுக்கோ, அப்புறம் சரியான அளவைக் கொண்டுவந்து குடுத்தாலும் துணி வளராது. அன்னிக்கு அந்த ரெண்டு கோடும் ஒட்டிப் போனதைப் பாத்தப்ப எனக்கு வந்த நிம்மதி இருக்கே, அது மனசுல தச்சுப் போச்சு. இப்பப் பிரிக்கச் சொல்ற. யோசிக்கறேன்."

யோசித்தார். இரண்டு வாரம் ஒரு மாதமாயிற்று. டாக்டர் சொன்னார், படிக்கட்டு சார் வீட்டுக்கே வந்து சொன்னார், மனைவி சண்டை போட்டாள், பட்டினி கிடந்தாள். எல்லோருக்கும் அதே பதில்தான். மாத்திரையை மட்டும் வேளை தவறாமல் போட்டுக்கொண்டார். பட்டியலில் அவருக்கு நானூற்றுப் பத்தொன்பது என்று எண் கிடைத்தது, மாத்திரைப் பக்கம்.

மூன்று மாதம் முடிந்த அன்று முற்பகல் அவர் முறை வந்தது. வீட்டில் காலையில் பார்த்துப் பேசிவிட்டுத்தான் வந்திருந்தாள். அதை வைத்து எழுதிவிட முடியாது. எல்லோருக்கும் ஒரே முறைதான் என்று படிக்கட்டு சார் சொல்லியிருந்தார். தன் வீட்டு எண்ணைப் போட்டாள்.

ஒன்று. இரண்டு. இரண்டாவது மணியில் அவள் விரல் தானாகப் பொத்தானை நோக்கிப் போயிற்று. அந்தக் கையைத் தொடைக்கடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். மூன்று. ஐந்து. எட்டு. எதிர் மேசையில் பேனா நின்றது. பத்து. பதினொன்று.

"ஹலோ" என்றார்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறேன். நானூத்திப் பத்தொன்பது. ஐயா இருக்காங்களா?"

"இருக்கேன்... இருக்கேன். எழுதிக்கோ."

படிவத்தில் அடுத்த கேள்வி இருந்தது. "மூச்சு வாங்குதா?"

"மிஷின்லேர்ந்து எழுந்து வந்தேன் இல்ல, அதான்."

மிஷினிலிருந்து போன் இருக்கும் அலமாரிக்கு நாலே எட்டு வைத்தால் போதும். அவள்தான் தினமும் அங்கே பெருக்குகிறவள். 'இருக்கிறார்' என்று எழுதினாள். மூச்சுக்கு நேராக 'ஆம்' என்று எழுதினாள். அதற்கடியில், மூன்று மாதம் தள்ளி, அடுத்த தேதியைப் போட்டாள்.